நாலைந்து போர்வைக்கு ஒரு சுவர்

முப்பத்தொன்பது வயதில் கல்யாணமாகி
கோத்தகிரிக்கு நான் கொண்டுவந்தது
இரண்டு பெட்டி, ஒரு குக்கர்,
சிவப்பும் கருப்புமாய் ஒரு பவானி ஜமக்காளம்.

அவரிடம் ஏற்கெனவே இருந்தவை:
மின்வாரிய ஏலத்தில் எடுத்த சாம்பல் கம்பளி,
ஊட்டியில் திபெத்தியர் கடையில் வாங்கிய
ஊதாப் போர்வை, அதில் முழுசாக ஒரு புலி,
பையன் ரூபனுடைய
ராக்கெட் பறக்கும் நீல விரிப்பு.

அப்புறம் அந்த மஞ்சள் ரஜாய்.
அதை மட்டும் யாரும் எனக்கு அறிமுகம் செய்யவில்லை.
பீரோவின் மேல்தட்டில்
பாச்சை உருண்டைகளோடு
மடிப்புக் கலையாமல் இருந்தது.

படுக்கையறைக்கு வர்ணம் நீயே பார் என்றார் யோகநாதன்.
ஷேடு கார்டை விரித்தேன்.
பாதாம் பால் என்று ஒன்று, விடியல் மூட்டம் என்று ஒன்று.
பச்சை, ஜமக்காளத்தோடு சண்டை போட்டது.
ரோஸைப் புலிக்குப் பிடிக்கவில்லை.
ராக்கெட்டுக்கு இளநீலம் சரி,
ஆனால் சாம்பல் கம்பளியைப் போட்டால்
அறை ஆஸ்பத்திரி வார்டு ஆகிவிடும்.
மஞ்சளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
சேர்க்கவில்லை என்பதை மட்டும்
ஒவ்வொரு தடவையும் கவனித்தேன்.

பெயிண்டர் ஹாலன் மாதிரிக்கு நாலு சதுரம் அடித்தார்.
பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது வைத்தார்.
"இன்னும் தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கு.
தை பொறக்கட்டும்.
இப்ப அடிச்சா அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துடும்."

ஐப்பசி முழுக்க மேகம்
கேட்காமலே ஜன்னலில் நுழைந்து
நாலு சதுரத்தையும் ஒரே நிறமாக்கிவிட்டுப் போனது.
டியூப்லைட்டில் பார்த்தால் வேறு நாலு.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
கோடநாடு ரோட்டில் சீகை மரம் கம்பி மேல் விழுந்து
ஊரே இருட்டு.
லைன்மேன் வீட்டிலும்தான்.
அவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியபின்
பல் கிடுகிடுக்க ரூபன் என் கட்டிலுக்கு வந்தான்.
கம்பளியைப் போட்டேன். புலியைப் போட்டேன்.
ராக்கெட்டை, ஜமக்காளத்தைக்கூடப் போட்டேன்.
நடுக்கம் நிற்கவில்லை.

அவனே எழுந்து நாற்காலியை இழுத்து
மேல்தட்டிலிருந்து அதை உருவினான்.
"இது அம்மாவோடது."
"தெரியும்."
"கனமா இருக்கும்."
"இருக்கட்டும்."

பாச்சை உருண்டை ஒன்று உருண்டு
எங்கோ இருட்டில் போய் நின்றது.

மூன்று மணிக்குக் கரெண்ட் வந்தது.
எங்கோ ஈரக் கம்பத்தில் அவர் இருக்கிறார் என்று அர்த்தம்.
வெளிச்சத்தில் கண் கூசப் பார்த்தேன்,
ஒரே கட்டிலில் அத்தனையும்,
ஒன்றுக்கொன்று துளியும் பொருந்தாமல்,
அடியில் வாய் திறந்து தூங்கும் ஒருவன்.

தை வெயிலில் எல்லாவற்றையும்
தேயிலைச் செடிகள் மேல் உலர்த்தினேன்.
ரஜாயைத் திருப்பிப் போட்டபோதுதான்
அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன்.
வெறும் காடாத் துணி.
ஒரு மூலையில் டீ டம்ளர் வைத்த வட்டம்.
அந்தப் பக்கத்தின் மேல்
புலியைப் போட்டுப் பார்த்தேன். ராக்கெட்டை. ஜமக்காளத்தை.
எதுவும் முகம் சுளிக்கவில்லை.

"காடா நிறத்துக்குக் கார்டில் நம்பர் கிடையாதுங்க" என்ற ஹாலன்
துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
வெள்ளையில் நாலு சொட்டு மஞ்சள்,
சொட்டு என்று சொல்ல முடியாத அளவு கருப்பு
விட்டுக் கலக்கினார்.
"இது கலரே இல்லையே" என்றான் ரூபன்.
குச்சியை மட்டும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

சாயந்திரம் டியூட்டி முடிந்து வந்தவர்
வாசற்படியிலேயே நின்றார்.
சுவரைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.
கட்டிலில் மஞ்சள் இருந்தது.
வெகுநேரம் செருப்பைக் கழற்றவில்லை.

மாதிரிக்கு அடித்த ரோஸ் சதுரம் மட்டும்
புதுப் பூச்சுக்குள்ளிருந்து லேசாகத் தெரிந்தது.
அதைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டு
"இன்னொரு கோட்டு அடிக்கணுமா?" என்றார்.

"முதல்ல இது காயட்டும்" என்றேன்.